கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாம் நடத்துவது குறித்து ஆலோசனை தேவை (கடலூர்)

கெடிலக்கரை:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். இந்தக் கல்வியாண்டு முதல் எங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவும் என் பொறுப்பில் இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளை நிறுவனங்கள் தாமே தேடி வருகின்றன. எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு அப்படி எவரும் வருவதில்லை. ஆகவே அருகிலுள்ள மூன்று கல்லூரிகளையும் சேர்த்துக்கொண்டு பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் வேலைவாய்ப்பு முகாம் நடத்தலாம் என்று முதல்வர் கூறியிருக்கிறார். இறுதியாண்டு மாணவர்களோடு, படித்து முடித்து வேலை இல்லாமல் இருப்பவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 2,000 பேர் வரக்கூடும். நாற்பது நிறுவனங்களையாவது அழைக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பம்.

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர் முதுநகர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள். பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பி.காம்., வேதியியல், கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு எங்கே கேட்பது என்று ஓரளவு தெரிகிறது. தமிழும் வரலாறும் படிப்பவர்களுக்கு யாரை அழைப்பது என்பதுதான் எனக்குப் புலப்படவில்லை.

சென்ற ஆண்டு வேறோர் ஊரில் நடந்த ஒரு முகாமுக்கு எங்கள் மாணவிகள் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். காலை எட்டு மணிக்கே வரிசையில் நின்ற அவர்கள், பிற்பகல் மூன்று மணியளவில்தான் ஒரு நிறுவனத்தின் மேசையை அடைந்தார்கள். அங்கே அமர்ந்திருந்தவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பயோடேட்டாவை வாங்கி, காலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, ‘கூப்பிடுவோம்’ என்று மட்டும் சொன்னார். அதன்பின் எவருக்கும் அழைப்பு வரவில்லை. எங்கள் முகாமில் ஒரு பிள்ளைக்குக்கூட அந்த நிலை ஏற்படக் கூடாது என்று நினைக்கிறேன். எத்தனை நிறுவனங்கள் போதும், அவர்களிடம் முன்கூட்டியே என்னென்ன கேட்டுப் பெற வேண்டும், முகாம் முடிந்தபின் எப்படித் தொடர்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

முதுநகர்வாசி:

அம்மா, வணக்கம். சிதம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் வேலைவாய்ப்பு அலுவலராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நிறுவனங்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள். நேர்காணல்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வரும்.

ஒரு நேர்காணலுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் குறைவான நேரத்தில் ஒரு மாணவரைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. காலை 9.30 முதல் 1 மணி வரையும், உணவுக்குப்பின் 1.45 முதல் 3.45 வரையும் நடத்தினால் 330 நிமிடங்கள் கிடைக்கின்றன. அதாவது, ஒருவர் ஒரு நாளில் 33 பேரைப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்திலிருந்து இருவர் வந்தால் 66 பேர். இருபது நிறுவனங்கள் வந்தால் 1,320 நேர்காணல்கள். ஒரு மாணவருக்கு மூன்று நேர்காணலாவது கிடைக்க வேண்டும் என்றால் 440 மாணவர்களைத்தான் அழைக்க முடியும். நாற்பது நிறுவனங்கள் வந்தாலும் 880 பேர்தான். நீங்கள் சொல்லும் 2,000 பேரும் ஒரே நாளில் வந்து மூன்று மேசைகளில் அமர வேண்டுமென்றால் 6,000 நேர்காணல்கள் நடக்க வேண்டும். அதற்குத் தொண்ணூறு நிறுவனங்களுக்கு மேல் தேவை. கடலூரில் எந்தக் கல்லூரி வளாகத்திலும் அதை ஒழுங்காக நடத்த இயலாது. நீங்கள் பார்த்த அட்டைப்பெட்டி, பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாமல் விட்டதன் விளைவுதான். மேசையில் இருந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிரே அறுநூறு பேர் நிற்கும்போது அவர் வேறு என்ன செய்ய முடியும்?

ஆகவே நிர்வாகத்திடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். ஒரே பெரிய நாளுக்குப் பதிலாக, துறைவாரியாகப் பிரித்து மூன்று சனிக்கிழமைகளில் நடத்தலாம். வணிகவியலும் மேலாண்மையும் ஒரு நாள், அறிவியல் துறைகள் ஒரு நாள், மொழி மற்றும் சமூக அறிவியல் துறைகள் ஒரு நாள். ஒவ்வொரு நாளுக்கும் பன்னிரண்டு முதல் இருபது நிறுவனங்கள் போதும். நிறுவனத்தாருக்கும் இது வசதியே. வேதியியல் பட்டதாரி தேவைப்படும் தொழிற்சாலைக்காரர், வரலாறு படித்த பிள்ளையிடம் ‘உங்களுக்கு இடமில்லை’ என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது வேலைவிவரப் படிவம். அழைப்புக் கடிதத்தோடு ஒரு பக்கப் படிவத்தை இணைத்து, அதை நிரப்பி அனுப்பும் நிறுவனத்துக்கு மட்டுமே மேசை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதவியின் பெயரும் காலியிட எண்ணிக்கையும் எல்லாரும் கேட்பவைதான். நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியவை வேறு. பணியிடம் எந்த ஊர் என்று திட்டவட்டமாக இருக்க வேண்டும். ‘சென்னை’ என்று எழுதிவிட்டு ஒரகடத்துக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது. சம்பளப் பட்டியல் நிறுவனத்தின் பெயரில் இருக்குமா, ஒப்பந்ததாரரின் பெயரில் இருக்குமா என்பது தெரிய வேண்டும். பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை, ஷிப்டு நேரம், தங்குமிடத்துக்கும் உணவுக்கும் பிடிக்கப்படும் தொகை, அரியர் உள்ளவர்களை ஏற்பார்களா, எத்தனை மாதம் வேலையை விடக்கூடாது என்ற பாண்டு உண்டா, எந்தத் தேதியில் சேர வேண்டும் ஆகியவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல நிறுவனங்கள் இதற்கெல்லாம் தயங்குவதில்லை. ‘நேரில் சொல்கிறோம்’ என்பவரை ஒருமுறை மரியாதையாக மீண்டும் கேளுங்கள். அப்போதும் எழுதித் தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இந்தப் படிவங்கள் முகாமுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே மாணவர்களின் கைக்குப் போக வேண்டும். அவற்றைப் படித்துப் பார்த்து ஒவ்வொருவரும் மூன்று நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யட்டும். அந்தப் பதிவை வைத்து, இன்ன மேசைக்கு இன்ன நேரம் என்று அச்சிட்ட டோக்கனை முந்தைய நாளே கொடுத்துவிடலாம். பத்தரை மணி டோக்கன் வைத்திருப்பவர் எட்டு மணிக்கு வர வேண்டியதில்லை. வந்தாலும் நிற்க வேண்டியதில்லை.

தேதியைப் பற்றியும் ஒரு சொல். மழைக்காலத்தைத் தவிர்த்துப் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தது சரி. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பரில் வெள்ளம், 2024இல் பெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் என்று நம் மாவட்டம் பட்டதை அனைவரும் அறிவோம். ஆனால் தை, மாசி மாதங்களிலும் கவனம் வேண்டும். வடலூர் தைப்பூச ஜோதி தரிசனத்தன்றும், தேவனாம்பட்டினத்தில் மாசிமகத் தீர்த்தவாரியன்றும் பேருந்துகளில் கால்வைக்க இடமிருக்காது. முகூர்த்த நாளாக இருந்தால் மாணவர்களும் வரமாட்டார்கள், பந்தல்காரரும் கிடைக்கமாட்டார். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எந்த நாளில் வருகிறது என்பதையும் துணைமின் நிலையத்தில் கேட்டுவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.

பாகூர் சேதராப்பட்டு:

வணக்கம் அம்மா. நான் பாகூரில் வசிக்கிறேன். புதுச்சேரி சேதராப்பட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்பவர்களின் பார்வையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். மேலே ஐயா சொன்ன படிவத்தையும் டோக்கனையும் நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன்.

முதலில் யாரை அழைப்பது என்பது. சென்னை நிறுவனங்களின் பின்னால் மட்டும் போகாதீர்கள். கடலூர் சிப்காட்டில் ரசாயன, மருந்து நிறுவனங்கள் இருக்கின்றன. புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, காட்டுக்குப்பம் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் உள்ளன. வேதியியல் பட்டதாரிகளைத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் நாங்கள் எப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் வேலை கிடைத்தால் பிள்ளைகள் நிலைத்து நிற்கிறார்கள். பதவியின் பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும் இதற்கு மதிப்பு அதிகம்.

தமிழும் வரலாறும் படித்தவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்தப் பட்டமானாலும் ஏற்கும் வேலைகள் பல இருக்கின்றன: தனியார் வங்கிகள், நுண்கடன் நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், தமிழில் பேசும் வாடிக்கையாளர் சேவை மையங்கள், மருத்துவமனைகளின் வரவேற்புப் பிரிவும் காப்பீட்டுப் பிரிவும், துணிக்கடை, நகைக்கடைகளின் மேற்பார்வைப் பணிகள், தனியார் பள்ளி அலுவலகங்கள். ஆனால் ஒன்றை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவற்றில் கணிசமானவை விற்பனை இலக்கு உள்ள வேலைகள். ‘ரிலேஷன்ஷிப் அலுவலர்’ என்று பெயர் இருந்தாலும், வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு தவணை வசூலிக்கப் போக வேண்டியிருக்கலாம். அதை விரும்பிச் செய்கிறவர்களும் உண்டு. தெரிந்து சேர வேண்டும் என்பதே முக்கியம்.

சம்பளத்தைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு வகுப்பாவது எடுங்கள். சேர்ந்த முதல் மாதமே பிள்ளைகள் வேலையை விட்டுப் போவதற்கு நான் கண்ட பெரிய காரணம், சொன்ன சம்பளத்துக்கும் வங்கியில் விழுந்த சம்பளத்துக்கும் உள்ள வேறுபாடுதான். எடுத்துக்காட்டாக, மாத மொத்தச் சம்பளம் ரூ.15,000, அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.12,000 என்று கொள்வோம். வருங்கால வைப்புநிதிக்குத் தொழிலாளியின் பங்கு 12 சதவீதம், ரூ.1,440. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், ரூ.113. கைக்கு வருவது ரூ.13,447. நிறுவனம் தன் பங்காக வைப்புநிதிக்கும் அதைச் சார்ந்த காப்பீட்டுக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் சேர்த்து 13 சதவீதம், அதாவது ரூ.1,560 செலுத்துகிறது, ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், ரூ.488. இவற்றையும் கூட்டினால் ரூ.17,048 ஆகிறது. இதைத்தான் சி.டி.சி., அதாவது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு என்கிறார்கள். ஒரே வேலைக்கு ஒருவர் 17,000 என்பார், ஒருவர் 15,000 என்பார், பிள்ளையின் கைக்கு வருவதோ 13,500க்கும் குறைவு. அதிலும் விடுதிக்கும் உணவுக்கும் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். மூன்று தொகைகளும் உண்மைதான், எதைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்தால் ஏமாற்றம் இராது. பிடித்தம் செய்கிறார்களே என்று பிள்ளைகள் வருந்தவும் கூடாது. ஈ.எஸ்.ஐ. இருப்பதால்தான் பெற்றோரின் மருத்துவத்துக்குக்கூட உதவி கிடைக்கிறது என்பதையும் அந்த வகுப்பிலேயே சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி சிறியதாகத் தோன்றும், ஆனால் நாங்கள் அன்றாடம் படும் தொல்லை. பயோடேட்டாவில் இருக்கும் கைப்பேசி எண்ணுக்கு அழைத்தால் மாணவியின் மாமா எடுக்கிறார். அவர் கடையில் இருக்கிறார், சொல்லிவிடுகிறேன் என்கிறார், மறந்துவிடுகிறார். அல்லது ரீசார்ஜ் முடிந்து எண் செயலிழந்திருக்கிறது. தேர்வானவர்களில் சிலரை இப்படியே நாங்கள் இழந்திருக்கிறோம். இரண்டு எண்கள் இருக்கட்டும். ஒன்று மாணவர் கையில் எப்போதும் இருப்பதாக இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரியை உருவாக்கியவர் ஊர் கணினி மையத்துக்காரர் என்றால் கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கும். முகாமுக்கு முன்பே கல்லூரிக் கணினிக் கூடத்தில் அவரவரே புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொள்ளச் செய்யுங்கள்.

நேர்காணலில் நாங்கள் ஆங்கிலத்தை எதிர்பார்ப்பதாகப் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். ஆய்வகப் பணிக்கு வருபவரிடம் நான் கேட்பது, டைட்ரேஷன் செய்யும்போது பியூரெட்டின் அளவை எப்படிப் பார்ப்பாய் என்பதைத்தான். தமிழில் தெளிவாகச் சொன்னால் போதும். ‘தெரியாது, கற்றுக்கொள்கிறேன்’ என்று நிமிர்ந்து சொல்பவரையும் எடுத்திருக்கிறேன்.

குறிஞ்சிப்பாடி மாணவி:

மேடம், வணக்கம். நான் உங்களுடையதைப் போன்ற ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, இப்போது ஒரகடம் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக வேலை செய்கிறேன். எனக்கும் ஒரு முகாமில்தான் இந்த வேலை கிடைத்தது. மாணவிகளின் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று செய்திகளை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

வேலை கிடைப்பது முகாமில் என்றாலும், போகலாமா கூடாதா என்பது வீட்டில்தான் முடிவாகிறது. என்னுடன் தேர்வான தோழிகளில் பலர் சேரவில்லை. எங்கே தங்குவாள், இரவு ஷிப்டு முடிந்து எப்படி விடுதிக்கு வருவாள், ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்களா, ஊருக்கு வர மாதம் எத்தனை நாள் விடுப்பு என்று பெற்றோர் கேட்ட கேள்விகளுக்குப் பிள்ளைகளிடம் பதில் இல்லை. ஆகவே முகாமுக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு மாலை வேளையில் பெற்றோரை அழைத்து, வெளியூர் வேலை தரும் நிறுவனங்களின் பிரதிநிதிகளை அவர்களோடு பேசவையுங்கள். விடுதியின் படத்தைக் காட்டுவதைவிட, ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் நம் பக்கத்துப் பெண் ஒருத்தியைத் தொலைபேசியில் பேசவைத்தால் அம்மாக்களுக்கு நம்பிக்கை வரும். என் அம்மா அப்படித்தான் சம்மதித்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கக்கூடிய பெண் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பணிபுரியும் பெண்களுக்கான தமிழக அரசின் தோழி விடுதிகளும் சில ஊர்களில் இருக்கின்றன. இப்படிப்பட்ட தகவல்களை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தாலே பாதி அச்சம் போய்விடும்.

நேரத்தைப் பற்றி ஐயா சொன்ன கணக்கு மிகவும் சரி. அதோடு, தொலைவிலிருந்து வரும் மாணவிகளுக்குக் காலை டோக்கன் கொடுங்கள், கடலூரிலேயே இருப்பவர்களுக்குப் பிற்பகலைக் கொடுங்கள். எங்கள் ஊருக்கு உள்ளே போகும் நகரப் பேருந்தை மாலையில் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்தக் கவலையிலேயே பாதியில் எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மூன்றாவது நேர்காணல் அப்படியே நின்றுபோனது.

கழிப்பறையும் குடிநீரும் மேசைகளுக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன். நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்தால் வாயில் சொல் வராது.

கெடிலக்கரை:

அனைவருக்கும் நன்றி. முதுநகர் ஐயாவின் கணக்கை ஒரு தாளில் எழுதி முதல்வரிடம் காட்டினேன். துறைவாரியாக மூன்று சனிக்கிழமைகள் என்பதற்கு அவர் ஒப்புக்கொண்டார். பெற்றோர் கூட்டம் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. குறிஞ்சிப்பாடித் தங்கை எழுதியதைப் படித்ததும் அதை நிகழ்ச்சி நிரலில் முதல் வரியாகச் சேர்த்துவிட்டேன். முடிந்தால் அந்த மாலையில் நீயே தொலைபேசியில் பேச முடியுமா என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறேன் அம்மா.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. அழைப்பு அனுப்பத் தொடங்கியதும், நாங்கள் கேள்விப்படாத சில ஏஜென்சிகள் தாமாகவே தொடர்புகொண்டு ‘ஐம்பது காலியிடம் இருக்கிறது, மேசை ஒதுக்குங்கள்’ என்கின்றன. ஒன்று சிங்கப்பூர் வேலை என்கிறது. இவர்களை எப்படிச் சரிபார்ப்பது? அரசு அலுவலகங்களின் உதவியை எந்த அளவுக்கு நாடலாம்? மூன்றாவது, நிர்வாகத்தில் ஒருவர் ‘எத்தனை பேருக்கு ஆணை கொடுத்தோம் என்று நிறைவு விழாவில் அறிவிக்க வேண்டும்’ என்கிறார். அன்றைக்கே ஆணை வழங்குவது நடைமுறையில் சாத்தியமா?

தொழில்நெறி நண்பன்:

வணக்கம். தொழில்நெறி வழிகாட்டல் பணியில் இருப்பவன். இந்த மாவட்டத்தில் சில முகாம்களில் துணை நின்றிருக்கிறேன்.

ஏஜென்சிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவரிடமிருந்து எந்தப் பெயரிலும் பணம் வாங்க மாட்டோம் என்று நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதி வாங்குங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை முன்பணம், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று அதற்குப் பல பெயர்கள் உண்டு. ஏஜென்சி என்பதாலேயே ஒருவரை ஒதுக்கவும் தேவையில்லை. பல நல்ல தொழிற்சாலைகள் ஏஜென்சி வழியாகத்தான் ஆள் எடுக்கின்றன. ஆனால் எந்தத் தொழிற்சாலைக்காக எடுக்கிறார்களோ அதன் மனிதவளப் பிரிவிலிருந்து ஓர் ஒப்புதல் கடிதம் வேண்டும். அந்த எண்ணை ஏஜென்சியிடம் வாங்காமல் தொழிற்சாலையின் இணையதளத்திலிருந்து நீங்களே எடுத்துத் தொலைபேசியில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணையும் வருங்கால வைப்புநிதி நிறுவன எண்ணையும் அரசு இணையதளங்களில் எவரும் சரிபார்க்கலாம். அசல் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பதை மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சரிபார்க்கக் காட்டலாம், பின்னர் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டச் சான்றிதழை மீட்க முடியாமல் ஒரு மாணவரின் குடும்பம் மாதக்கணக்கில் அலைந்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதில் நான் கடுமையாகவே இருக்கிறேன்.

வெளிநாட்டு வேலை என்றால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி ஆள் எடுக்கும் முகவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது; விருப்பமுள்ள மாணவர்களை அங்கே பதிவு செய்யச் சொல்லலாம். கல்லூரி முகாமில் வெளிநாட்டு வேலைக்கு மேசை ஒதுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. உங்கள் கல்லூரியின் பெயரை நம்பித்தான் பெற்றோர் கையெழுத்திடுவார்கள்.

அரசு உதவி நிச்சயம் கிடைக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குக் கல்லூரி முதல்வர் வழியாக இப்போதே கடிதம் கொடுங்கள். வேலை தருவோரின் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. எவரைப் பற்றி முன்பு புகார் வந்தது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையதளத்தில் மாணவர்களும் நிறுவனங்களும் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். 2,000 பேரில் முகாமில் இடம் கிடைக்காதவர்களை அதில் பதிவு செய்ய வைப்பதோடு, மையம் நடத்தும் சிறிய முகாம்களின் தேதியையும் அறிவித்துவிடுங்கள். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் பயிற்சி முடித்தவர்கள் அந்தச் சான்றிதழைப் பயோடேட்டாவில் காட்ட வேண்டும். பலர் எழுதாமல் விடுகிறார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கத்து மாணவர்கள் உங்கள் கல்லூரியில் படித்தால் அவர்கள் புதுச்சேரி அரசின் வேலைவாய்ப்பகத்தில் தனியாகப் பதிந்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சிக்கு ஒரு மேசை கட்டாயம் வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் ஐ.டி.ஐ.க்கும் பொறியியலுக்கும் மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். பி.காம்., பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களும் ஓராண்டுப் பட்டதாரிப் பழகுநராகச் சேரலாம். நம் மாவட்டத்திலேயே நெய்வேலி என்.எல்.சி. பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் பழகுநராக எடுத்திருக்கிறது. உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஈடுசெய்வதால் சிறு நிறுவனங்களும் இதற்கு முன்வரும். இதற்கான தேசிய இணையதளத்தில் மாணவர் முதலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கணினிக் கூடத்தில் மின்னஞ்சல் தொடங்கும் அன்றே முடித்துவிடலாம். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆயினும் என்.எல்.சி. போன்ற இடத்தில் ஓராண்டு பயின்ற சான்றிதழ் அடுத்த நேர்காணலில் பேசும்.

மாற்றுத்திறனாளி மாணவர்களின் நேர்காணல்கள் அனைத்தையும் தரைத்தளத்தில் வையுங்கள். செவித்திறன் குறைந்தவர்கள் பதிவு செய்திருந்தால் சைகைமொழி பெயர்ப்பாளருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

பாகூர் சேதராப்பட்டு:

ஆணையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அன்றைக்கே பணி ஆணை என்பது பெரும்பாலான நிறுவனங்களால் முடியாது. சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, மேலதிகாரியின் ஒப்புதல் எல்லாம் முடிந்த பிறகே எங்கள் நிறுவனத்தில் ஆணை வெளியாகும். மேடையில் கொடுப்பதற்காக அவசரத்தில் ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தருகிறோம். மாணவர் அதை வேலை உறுதி என்று நம்பி வேறு வாய்ப்பை விட்டுவிடுகிறார். அதற்குப் பதிலாக மாலையில் ஒவ்வொரு நிறுவனமும் மூன்று பட்டியல்களைக் கொடுக்கட்டும்: தேர்வானவர்கள், அடுத்த சுற்றுக்கு அழைக்கப்படுபவர்கள், இம்முறை தேர்வாகாதவர்கள். மூன்றாவது பட்டியலும் வேண்டும் என்று வற்புறுத்துங்கள். இல்லை என்பதை அன்றே தெரிந்துகொண்டால் பிள்ளைகள் காத்திருந்து வீணாக மாட்டார்கள்.

முதுநகர்வாசி:

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நிர்வாகம் எண்ணிக்கை கேட்பதில் தவறில்லை. எந்த எண்ணிக்கை என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நிறைவு விழாவில் தேர்வானவர்களின் எண்ணிக்கையை மட்டும் அறிவியுங்கள். ஏப்ரல் தேர்வுகள் முடிந்து ஜூன் மாதத்தில் எத்தனை பேர் உண்மையில் வேலையில் சேர்ந்தார்கள் என்பதையும், செப்டம்பரில் அவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்பதையும் ஆட்சிக்குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். நாங்கள் அப்படிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்த ஆண்டு எந்த நிறுவனத்தை மீண்டும் அழைப்பது, எதை விடுவது என்பது தெளிவாயிற்று.

இதற்கு ஆள் பிரித்துக்கொள்வது அவசியம். ஓர் ஆசிரியருக்கு நான்கு நிறுவனங்கள் என்று ஒதுக்குங்கள். முகாம் நாளில் அந்த நான்கு மேசைகளும் அவர் பொறுப்பு. அதன்பின் அந்த நிறுவனங்களுக்குத் தொலைபேசி செய்வதும், தேர்வான மாணவர்களைத் தொடர்வதும் அவரே. முகாம் முடிந்த திங்கட்கிழமையே முதல் அழைப்பு போக வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் உங்கள் மாணவர்களின் பட்டியலுக்கு மேல் இன்னொரு கல்லூரியின் பட்டியல் வந்து உட்கார்ந்துவிடும்.

சேராமல் போனவரிடம் காரணத்தைக் கேட்டுக் குறித்துவையுங்கள். விடுதி, சம்பளம், திருமணம், மேற்படிப்பு, போட்டித் தேர்வு என்று வரும் பதில்களில் எது அதிகம் என்று பார்த்தால், அடுத்த முறை படிவத்தில் எந்தக் கேள்வியைச் சேர்ப்பது என்பது விளங்கும். படிவத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது. உங்கள் தனிச்செய்திக்கு இன்று அனுப்புகிறேன். சம்பள வரியில் சேதராப்பட்டு நண்பர் போட்ட கணக்கின்படி கைக்கு வருவது, மொத்தச் சம்பளம், சி.டி.சி. என மூன்று கட்டங்களாகத் திருத்தி, அழைப்புக் கடிதத்தோடு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.